ரசீதுப் புத்தகத்தைக் கையில் எடுக்குமுன்...

(ரமலானை முன்னிட்டு நடந்த ஊழியர்கள், வணிகர்கள் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புகழ் அனைத்தும் அல்லாஹ்வுக்கே! அவனுடைய இறுதித் தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் சாந்தி நிலவட்டுமாக!

ரமலான் வந்துவிட்டால் நமது பள்ளிவாசல்களில் கொடுப்பதன் சிறப்பு பற்றிப் பயான்கள் நிறைய நடக்கும். பத்து லட்ச ரூபாய் ஓர் ஆண்டு தேங்கி நின்றால் 25,000 ரூபாய் ஜகாத் என்று கணக்கும் சொல்லப்படும். யார் கொடுக்க வேண்டும், எவ்வளவு கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் மறுமையில் என்ன நடக்கும் என்றெல்லாம் விளக்கப்படும். இவையெல்லாம் அவசியம் சொல்லப்பட வேண்டியவைதான்.

ஆனால் கேட்பவருக்கும் மார்க்கத்தில் சட்டம் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. காரணம், மேடையில் பேசுகிறவரே பயான் முடிந்ததும் துண்டை விரித்து வசூலுக்கு நிற்க வேண்டியவராக இருக்கிறார்! எனவே இன்று கேட்பதன் சட்டத்தை மட்டும் பேசுவோம். இந்தக் கூட்டத்தில் இரண்டு வகையினர் இருக்கிறீர்கள். ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கடைவீதியில் நடக்கப் போகிற இளைஞர்கள் ஒரு பக்கம். கல்லாவில் உட்கார்ந்து அவர்களை எதிர்கொள்ளப் போகிற வணிகர்கள் மறுபக்கம். இருவருக்கும் இதில் பாடம் இருக்கிறது.

கபீஸாவுக்குக் கிடைத்த பதில்

கபீஸா பின் முகாரிக் (ரலி) என்ற நபித்தோழர் ஒரு பெரிய கடன் பொறுப்பைத் தலையில் ஏற்றுக்கொண்டார். இரு தரப்பாருக்கு இடையே சண்டை மூண்டால், நஷ்டஈட்டை நான் தருகிறேன் என்று ஒருவர் முன்வந்து சமாதானம் செய்வது அரபிகளிடம் இருந்த வழக்கம். அப்படி ஏற்றுக்கொண்டதை அடைக்க வழியில்லாமல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்தார்.

நபியவர்கள் அவரை விரட்டவில்லை. ஊராரிடம் போய்க் கேளுங்கள் என்றும் அனுப்பவில்லை. இங்கேயே தங்கியிருங்கள், ஸதகாப் பொருள் வந்ததும் உங்களுக்குக் கொடுக்க ஏற்பாடு செய்கிறோம் என்றார்கள். அதன் பிறகு ஒரு சட்டத்தைச் சொன்னார்கள். மூன்று பேரைத் தவிர வேறு எவருக்கும் பிறரிடம் கேட்பது ஆகுமானதல்ல.

முதலாமவர், கபீஸாவைப் போல் பிறருக்காகப் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர். அந்தத் தொகை கிடைக்கும் வரை அவர் கேட்கலாம். கிடைத்ததும் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இரண்டாமவர், பேரிழப்பு ஏற்பட்டுப் பொருளெல்லாம் அழிந்து போனவர். வாழ்க்கைக்குத் தேவையானது கிடைக்கும் வரை அவர் கேட்கலாம்.

மூன்றாமவர், வறுமையில் விழுந்தவர். அவருடைய சமுதாயத்தில் விவரம் தெரிந்த மூன்று பேர், ஆம், இவர் வறுமையில்தான் இருக்கிறார் என்று சொல்ல வேண்டும். அவரும் தேவையானது கிடைக்கும் வரைதான் கேட்கலாம்.

இதற்கு அப்பால் கேட்டுப் பெறுவது ஹராமான உணவு என்று கூறி முடித்தார்கள். (நூல்: முஸ்லிம்)

சகோதரர்களே! இந்த ஒரு ஹதீஸில் மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன. கேட்பதற்கு உண்மையான காரணம் வேண்டும். அந்தக் காரணத்துக்குச் சாட்சி வேண்டும். தேவை முடிந்ததும் கேட்பது நிற்க வேண்டும். நமது வசூல்கள் எல்லாவற்றையும் இந்த மூன்றில் வைத்துப் பாருங்கள். எது சரி, எது தவறு என்பது தெளிவாகிவிடும்.

தனக்காகக் கேட்பது

தனக்காகக் கேட்பதை இஸ்லாம் எவ்வளவு வெறுத்தது என்பதை நாம் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். கேட்டுக்கொண்டே திரிகிறவன் மறுமையில் முகத்தில் சதையே இல்லாமல் வருவான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். கயிற்றை எடுத்துக்கொண்டு போய் விறகு சுமந்து விற்பது, பிறரிடம் கை நீட்டுவதைவிடச் சிறந்தது என்றும் சொன்னார்கள். (நூல்: புகாரி)

ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) மூன்று முறை நபியவர்களிடம் கேட்டார். மூன்று முறையும் கொடுத்தார்கள். பிறகு, இந்தச் செல்வம் பசுமையானது, இனிமையானது. பேராசையோடு எடுப்பவனுக்கு இதில் பரக்கத் இருக்காது என்று அறிவுரை கூறினார்கள். அன்றோடு, இனி எவரிடமும் எதையும் பெற மாட்டேன் என்று ஹகீம் உறுதி எடுத்தார். அபூபக்ர் (ரலி) ஆட்சியில் அவருக்குச் சேர வேண்டிய பங்கைக் கொடுக்க அழைத்தார்கள். வாங்கவில்லை. உமர் (ரலி) அழைத்தார்கள். அப்போதும் வாங்கவில்லை. இவருடைய உரிமையை நான் கொடுத்தேன், இவர்தான் மறுக்கிறார் என்று மக்களையே சாட்சியாக்கினார்கள் உமர் (ரலி). மரணிக்கும் வரை ஹகீம் அந்த உறுதியில் நின்றார். (நூல்: புகாரி)

கை நீட்டாமல் வாழ வேண்டும் என்று வளர்க்கப்பட்ட சமுதாயம் இது. இந்தச் சமுதாயத்தில் ஒருவர் வெட்கத்தை விட்டுக் கேட்க வருகிறார் என்றால் அது சாதாரண விஷயமல்ல. அவரைக் கேட்க வைத்தது எது என்று ஜமாஅத்துகள் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளன.

கேட்க வைத்தவன் யார்?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் நிற்பவர்களைப் பாருங்கள். கையில் ஒரு ஜமாஅத்தின் கடிதம் இருக்கும். குமர் காரியம், உதவி செய்யுங்கள் என்று எழுதியிருக்கும். வெளியூர்க்காரர். வயதான தகப்பனார். தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்.

இவர் எதற்காகக் கேட்கிறார்? இஸ்லாத்தில் திருமணச் செலவு பெண் வீட்டார் மீது சுமத்தப்படவில்லை. மஹர் கொடுக்க வேண்டியவன் ஆண். அப்படியானால் இந்தத் தகப்பன் ஊர் ஊராக அலைந்து சேர்க்கும் பணம் எங்கே போகிறது? மாப்பிள்ளை வீட்டார் கேட்ட ரொக்கத்துக்கும், நகைக்கும், மோட்டார் சைக்கிளுக்கும் போகிறது! கை நீட்டி நிற்பவர் தகப்பனார். உண்மையில் பிச்சை கேட்டவன் மாப்பிள்ளை. முகத்தில் சதையில்லாமல் வருவதைப் பற்றிய எச்சரிக்கை யாருக்குப் பொருந்தும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. கபீஸாவின் ஹதீஸில் சொல்லப்பட்ட மூன்று சாட்சிகளின் இடத்தில்தான் இன்று உங்கள் லெட்டர் பேடு இருக்கிறது. விசாரிக்காமல் முத்திரை குத்திக் கொடுத்தால் அது சாட்சியல்ல. உண்மையான வறுமை என்றால் கடிதம் கொடுத்து வெளியூருக்கு அனுப்பாதீர்கள். நபியவர்கள் கபீஸாவிடம் சொன்னது போல், இங்கேயே இருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லுங்கள். உள்ளூரில் பைத்துல்மால் வைப்பதன் நோக்கமே அதுதான். வரதட்சணைக்காகத்தான் கேட்கிறார் என்று தெரிந்தால், கடிதம் எழுதுவதை விட்டுவிட்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள்.

பிறருக்காகக் கேட்பது நபிவழி

அப்படியானால் வசூலே கூடாதா என்று சிலர் கேட்கலாம். தனக்காகக் கேட்பது வேறு. பிறருக்காகக் கேட்பது வேறு. பிறருக்காக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே மக்களிடம் கேட்டிருக்கிறார்கள்.

ஒருநாள் காலையில் முளர் கோத்திரத்தைச் சேர்ந்த ஒரு கூட்டத்தார் மதீனாவுக்கு வந்தார்கள். காலில் செருப்பில்லை. உடலை மறைக்கச் சரியான ஆடையில்லை. கம்பளித் துணியைச் சுற்றியிருந்தார்கள். அவர்களின் வறுமையைப் பார்த்ததும் நபியவர்களின் முகம் மாறிவிட்டது. வீட்டுக்குள் சென்றார்கள், வெளியே வந்தார்கள். பிலால் (ரலி) அவர்களைப் பாங்கு சொல்லச் சொன்னார்கள். தொழுகை முடிந்ததும் மக்களிடம் உரையாற்றினார்கள். பொற்காசு வைத்திருப்பவர், வெள்ளிக்காசு வைத்திருப்பவர், துணி, கோதுமை, பேரீச்சம்பழம் வைத்திருப்பவர் எவராயினும் தர்மம் செய்யட்டும், பேரீச்சம்பழத்தின் பாதியாக இருந்தாலும் சரி என்றார்கள்.

அன்ஸாரிகளில் ஒருவர் கை கொள்ளாத அளவுக்குக் கனமான பையைத் தூக்கி வந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கொண்டுவந்தார்கள். உணவு ஒரு குவியல், துணி ஒரு குவியல் என்று இரண்டு குவியல்கள் சேர்ந்தன. நபியவர்களின் முகம் பொன் போல மின்னியதாக ஜரீர் (ரலி) அறிவிக்கிறார்கள். (நூல்: முஸ்லிம்)

இந்த நிகழ்ச்சியைக் கவனித்துப் பாருங்கள். வறுமையில் வந்தவர்கள் வாய் திறந்து கேட்டதாக இதில் இல்லை. அவர்களுக்காக நபியவர்கள் கேட்டார்கள். யாரையும் பெயர் சொல்லி அழைத்து, நீர் இவ்வளவு தர வேண்டும் என்று நிர்ப்பந்திக்கவில்லை. பாதிப் பேரீச்சம்பழத்தையும் மதித்தார்கள். காரணம் எல்லோர் கண் முன்னும் இருந்தது. சேர்ந்த பொருளும் எல்லோர் கண் முன்னும் குவிந்தது. மறைவாக எதுவும் நடக்கவில்லை.

அந்தக் குவியலில் நபியவர்களுக்குப் பங்கில்லை. நபியவர்களும் அவர்களின் குடும்பத்தாரும் ஸதகாப் பொருளை உண்ண மாட்டார்கள். சிறு பிள்ளையாக இருந்த பேரர் ஹஸன் (ரலி) ஸதகாப் பேரீச்சம்பழம் ஒன்றை வாயில் போட்டபோது அதைத் துப்ப வைத்தார்கள். (நூல்: புகாரி) கேட்பவர் தனக்கென எதையும் எடுப்பதில்லை என்று மக்களுக்குத் தெரிந்ததால்தான் கேட்டவுடன் குவியல் சேர்ந்தது.

இளைஞர்களே! எப்படிக் கேட்கப் போகிறீர்கள்?

முதலாவது, நிர்ப்பந்தம் கூடாது. ஒரு முஸ்லிமின் பொருள் அவர் மனம் ஒப்பிக் கொடுத்தாலே தவிர ஆகுமாகாது என்பது நபிமொழி. (நூல்: அஹ்மத்) ஒரு கடைக்குப் பத்துப் பேர் போய் வாசலை மறைத்து நிற்பதும், வியாபாரம் சூடாக நடக்கும் நேரமாகப் பார்த்துப் போவதும், ஊரில் செல்வாக்குள்ள ஒருவரைக் கூட்டிப் போய் முன்னால் நிறுத்துவதும் மனம் ஒப்பிப் பெறுவதாகுமா? கல்லாவில் இருப்பவர் நூறு ரூபாயை எடுத்து நீட்டும்போது நாக்கு சும்மா இருக்கும், மனம் சபித்துக்கொண்டிருக்கும். அந்தப் பணத்தை நீங்கள் நல்ல காரியத்துக்குச் செலவு செய்து என்ன பயன்?

முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது, அங்கே செல்வந்தர்களிடம் ஜகாத்தை எடுத்து அங்குள்ள ஏழைகளுக்குக் கொடுக்குமாறு நபியவர்கள் கூறினார்கள். மக்களின் பொருட்களில் மிகச் சிறந்ததைப் பார்த்து எடுப்பதைத் தவிர்க்கச் சொன்னார்கள். அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவுக்கு அஞ்சிக்கொள்ளுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்கள். (நூல்: புகாரி) கட்டாயக் கடமையான ஜகாத்தை, அதிகாரத்தோடு வசூலிக்கப் போனவருக்கே இந்த எச்சரிக்கை! அதிகாரம் எதுவும் இல்லாத நமக்கு?

இரண்டாவது, சிறிய தொகையை இழிவாகப் பார்க்காதீர்கள். தர்மம் செய்யுமாறு கட்டளை வந்தபோது கூலிக்கு மூட்டை சுமந்து தர்மம் செய்த நபித்தோழர்கள் இருந்தார்கள். அபூஅகீல் (ரலி) அரை ஸாவு கொண்டுவந்தார். இன்னொருவர் அதிகமாகக் கொண்டுவந்தார். நயவஞ்சகர்கள் இருவரையும் விடவில்லை. குறைவாகக் கொடுத்தவரிடம், இது அல்லாஹ்வுக்குத் தேவையா என்றார்கள். அதிகமாகக் கொடுத்தவரைப் பார்த்து, முகஸ்துதிக்குக் கொடுக்கிறார் என்றார்கள். அவர்களைக் கண்டித்து 9:79 வசனம் அருளப்பட்டது. (நூல்: புகாரி) இன்று பெட்டிக்கடைக்காரர் இருபது ரூபாய் கொடுத்தால், என்ன பாய், இவ்வளவுதானா என்று கேட்கிறவர்கள் யாருடைய வார்த்தையைத் திருப்பிச் சொல்கிறார்கள் என்பதை உணர வேண்டும்.

மூன்றாவது, எல்லாப் பணமும் வேண்டும் என்று அலையாதீர்கள். இஸ்லாத்துக்கு முந்திய அறியாமைக் காலத்தில் குறைஷிகள் கஅபாவைப் புதுப்பித்தபோது விபச்சார வருமானமும், வட்டிப் பணமும், அநியாயமாகப் பறித்ததும் இதில் சேரக் கூடாது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பணம் போதாமல் ஒரு பகுதியைக் கட்டடத்துக்கு வெளியே விட்டார்கள். இன்றும் ஹஜ் செய்பவர்கள் அந்த அரைவட்டச் சுவரைச் சுற்றித்தான் தவாஃப் செய்கிறார்கள். சிலை வணங்கியவர்களிடம் இருந்த பேணுதல் நம்மிடம் இருக்க வேண்டாமா?

மஸ்ஜிதுன் நபவி கட்டப்பட்ட இடம் ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரண்டு அநாதைச் சிறுவர்களுக்குச் சொந்தமானது. இலவசமாகத் தருகிறோம் என்றார்கள் அந்தச் சிறுவர்கள். நபியவர்கள் ஏற்கவில்லை. விலை கொடுத்தே வாங்கினார்கள். (நூல்: புகாரி) பள்ளிவாசலுக்குத்தானே என்று சொல்லி எதையும் எப்படியும் வாங்கிவிடலாம் என்பதற்கு இதில் இடமில்லை.

நான்காவது, ஏழையின் முகத்தை விற்காதீர்கள். கேட்க வெட்கப்படும் ஏழைகளை அல்லாஹ் 2:273 வசனத்தில் புகழ்கிறான். அவர்களின் தன்மானத்தைப் பார்த்து, அறியாதவர்கள் அவர்களைச் செல்வந்தர்கள் என்றே நினைத்துவிடுவார்களாம். அல்லாஹ் புகழ்ந்த அந்த மானத்தை நாம் என்ன செய்கிறோம்? அரிசிப் பையைக் கையில் கொடுத்து, கேமராவைப் பார்க்கச் சொல்கிறோம். நோயாளிக் குழந்தையின் படத்தை, தாயின் செல்போன் எண்ணோடு வாட்ஸ்அப்பில் பரப்புகிறோம். குழந்தை குணமாகி வீடு திரும்பியிருக்கும், அல்லது மௌத்தாகியிருக்கும். படம் மட்டும் குழுவுக்குக் குழு சுற்றிக்கொண்டே இருக்கும். கிடைத்ததும் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்ற கபீஸாவின் சட்டம் இங்கேதான் காற்றில் பறக்கிறது.

எனவே எந்த வசூலைத் தொடங்கினாலும் எவ்வளவு தேவை என்று முதலிலேயே அறிவியுங்கள். தொகை சேர்ந்ததும், போதும், அல்ஹம்துலில்லாஹ், இனி யாரும் அனுப்ப வேண்டாம் என்று அதே இடத்தில் அறிவியுங்கள். கஅப் பின் மாலிக் (ரலி) தமது தவ்பா ஏற்கப்பட்ட மகிழ்ச்சியில் சொத்து முழுவதையும் தர்மமாகக் கொடுக்க முன்வந்தபோது, கொஞ்சத்தை உமக்கென வைத்துக்கொள்ளும் என்று தடுத்தவர்கள் நபியவர்கள். (நூல்: புகாரி) வாங்கும் இடத்தில் இருந்தவரே போதும் என்று சொன்ன வரலாறு நமக்கு இருக்கிறது.

கமிஷனும் அன்பளிப்பும்

இனி, வசூலானதற்குப் பிறகு வரும் சோதனையைப் பார்ப்போம்.

ஜகாத் வசூலிக்க இப்னுல் லுத்பிய்யா என்பவரை நபியவர்கள் அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டது என்று இரண்டாகப் பிரித்து வைத்தார். நபியவர்கள் மிம்பரில் ஏறினார்கள். இவர் தம் தாய் தந்தை வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். இப்படி எடுத்தவர் மறுமையில் அந்த ஒட்டகத்தையோ, மாட்டையோ, ஆட்டையோ கழுத்தில் சுமந்து வருவார் என்று எச்சரித்தார்கள். (நூல்: புகாரி)

பொறுப்பில் நியமிக்கப்பட்டவர் ஓர் ஊசியை மறைத்தாலும் அது மோசடிதான் என்று நபியவர்கள் கூறியபோது, அன்ஸாரி ஒருவர் எழுந்து, எனக்குக் கொடுத்த பொறுப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்றே சொல்லிவிட்டார். (நூல்: முஸ்லிம்)

சகோதரர்களே! ஊசி அளவுக்கு அஞ்சிய சமுதாயத்தில் இன்று கமிஷன் வசூல் நடக்கிறது. வசூலித்ததில் இத்தனை சதவீதம் வசூலித்தவருக்கு என்று பேசி அனுப்புகிறார்கள். கொடுத்தவர் அநாதைப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு என்று நினைத்துக் கொடுக்கிறார். அதில் ஒரு பங்கு வழியிலேயே கழிகிறது என்பது அவருக்குத் தெரியாது. கூலி எவ்வளவு என்று நிச்சயமில்லாத இந்த ஒப்பந்தம் கூடாது என்று பல மார்க்க அறிஞர்கள் தீர்ப்பளித்துள்ளார்கள்.

உழைப்பவருக்குக் கூலி வேண்டாமா என்றால், வேண்டும்! ஜகாத்தை வசூலித்து நிர்வகிக்க நியமிக்கப்பட்டவர்களுக்கு 9:60 வசனம் பங்கு ஒதுக்கியிருக்கிறது. தனியார் நிறுவனங்களின் வசூல்காரர்கள் அந்த வகையில் சேர்வார்களா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பேணுதலான வழி, நிர்வாகம் மாதச் சம்பளம் பேசி, அதைப் பொது நிதியிலிருந்து கொடுப்பது. வெயிலில் பஸ்ஸிலும் ரயிலிலும் அலைந்து மதரஸாவுக்காக வசூலிக்கும் ஆலிம் மானமாக வாழச் சம்பளம் கொடுக்காமல், கமிஷனை நம்பி அவரைத் தெருவில் விட்ட நிர்வாகத்துக்கும் இந்தக் குற்றத்தில் பங்குண்டு.

ஜகாத்தையும் மற்ற நன்கொடையையும் ஒரே பையில் போடுவது இன்னொரு தவறு. ஜகாத்துக்குரிய எட்டு வகையினர் குர்ஆனில் சொல்லப்பட்டுவிட்டார்கள். அந்தப் பணத்தில் பள்ளிவாசல் கட்டக் கூடாது என்பதே நான்கு மத்ஹபுகளின் பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. மேடை போடுவதும், போஸ்டர் ஒட்டுவதும், அலுவலக வாடகை கொடுப்பதும் ஏழையின் பங்கிலிருந்து நடக்கக் கூடாது. இயக்கச் செலவுக்கு வேண்டுமென்றால், இயக்கச் செலவுக்கு என்றே சொல்லிக் கேளுங்கள். விரும்பியவர் கொடுப்பார்.

ஆகவே நமது ஊழியர்கள் சில நடைமுறைகளைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும். வசூலுக்கு ஒருவர் தனியாகப் போகக் கூடாது, இருவராகப் போக வேண்டும். ஜகாத்துக்குத் தனி ரசீதுப் புத்தகம், மற்றதற்குத் தனிப் புத்தகம். கொடுத்த தொகையே ரசீதிலும் அடிக்கட்டையிலும் இருக்க வேண்டும். அன்றைய வசூல் அன்றிரவே பொருளாளரிடம் சேர வேண்டும். கியூஆர் அட்டை என்றால் அமைப்பின் வங்கிக் கணக்குக்கு உரியதாக இருக்க வேண்டும். தனி நபரின் செல்போன் எண்ணுக்குப் பொதுப் பணம் போகவே கூடாது. பெருநாள் முடிந்து ஒரு மாதத்துக்குள் வரவு செலவைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்ட வேண்டும். பயனாளிகளின் பெயர் அதில் வேண்டாம். தொகையும் காரணமும் போதும்.

வணிகப் பெருமக்களே!

உங்களிடமும் சில விஷயங்களை உரிமையோடு சொல்கிறேன்.

உங்கள் செல்வத்தில் கேட்பவருக்கு உரிமை உண்டு. கேட்காமல் ஒதுங்கி நிற்பவருக்கும் உரிமை உண்டு என்று 51:19 வசனம் சொல்கிறது. யாசிப்பவரை விரட்டாதீர் என்று 93:10 வசனம் நபியவர்களுக்கே கட்டளையிடுகிறது. கொடுக்க இயலாவிட்டால் இல்லை என்று இனிய சொல்லால் சொல்லி அனுப்புங்கள். புண்படுத்திக் கொடுக்கும் தர்மத்தைவிட இனிய சொல் மேலானது என்பது 2:263 வசனத்தின் கருத்து. நாளைக்கு வாங்க, முதலாளி இல்லை, இருபத்தேழாம் கிழமை வாங்க என்று பத்து முறை நடக்க விடாதீர்கள்.

கணக்குக் கேளுங்கள். இது நான் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம். சரக்கு எடுக்கும்போது பில்லைச் சரிபார்க்கிறீர்கள். ஐந்து ரூபாய் வித்தியாசத்துக்கு மொத்த வியாபாரிக்குப் போன் போடுகிறீர்கள். ஜகாத் பணத்தை மட்டும், யாரிடம் போகிறது, எதற்குப் போகிறது என்று கேட்காமல் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்கிறீர்கள். தொல்லை தீர்ந்தால் போதும் என்று கொடுப்பது கடமையை நிறைவேற்றுவது ஆகாது. கணக்குக் கேட்டால் வந்தவர் கோபப்படுகிறாரா? அவரிடம் கொடுக்காதீர்கள். நம் அமைப்பின் ஊழியராக இருந்தாலும் சரி!

வரிசையில் நிற்க வைத்துக் கொடுப்பதை விட்டுவிடுங்கள். ரமலான் கடைசியில் சில கடைகளின் முன்னால் நூற்றுக்கணக்கான பெண்கள் வெயிலில் நிற்கிறார்கள். சில்லறைக்காகவும் ஒரு சேலைக்காகவும் நெரிசலில் தள்ளப்படுகிறார்கள். 2023 ஏப்ரல் 19 அன்று யமன் நாட்டின் ஸன்ஆ நகரில் வணிகர்கள் ரமலான் உதவித்தொகை கொடுத்த இடத்தில் நெரிசல் ஏற்பட்டு குறைந்தது 78 பேர் உயிரிழந்தார்கள். அதே ரமலானில், மார்ச் 31 அன்று, பாகிஸ்தானின் கராச்சியில் ஒரு தொழிற்சாலையில் ஜகாத் வாங்க வந்த பெண்களும் குழந்தைகளும் நெரிசலில் மடிந்தார்கள். கொடுத்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் கொடுத்திருப்பார்கள். ஆனால் ஏழையைத் தேடிப் போக வேண்டிய பணம், ஏழையைத் தன்னிடம் வரவழைத்தது. முஆத் (ரலி) யமனுக்கு அனுப்பப்பட்டபோது ஜகாத்தை எடுத்து ஏழைகளிடம் சேர்ப்பது அவருடைய வேலையாக இருந்தது. ஏழைகள் செல்வந்தர் வீட்டு வாசலில் வரிசை கட்டவில்லை.

கேட்காதவரைத் தேடுங்கள். தூரத்தில் தேட வேண்டியதில்லை. உங்கள் கடையில் பத்து வருடமாகத் துணி மடித்துப் போடுகிற பையனின் வீட்டு நிலை உங்களுக்குத் தெரியுமா? அவன் கேட்க மாட்டான். கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் இருக்கும். ஆனால் ஒன்று: அவனுக்குச் சேர வேண்டிய சம்பளத்தைக் குறைத்துவிட்டு, குறைத்ததை ஜகாத் என்ற பெயரில் கொடுக்காதீர்கள். அது அவன் பணம்.

இதில் என்ன பெரிய விஷயம்?

யாரோ ஒருவர் நூறு ரூபாயில் பத்து ரூபாய் எடுத்துக்கொண்டால் சமுதாயம் மூழ்கிவிடுமா என்று சிலர் நினைக்கலாம். மூழ்கிவிடும் சகோதரர்களே!

2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி நாகை, கடலூர் கரைகளை அழித்தபோது நமது பள்ளிவாசல்கள் திறந்தன, நமது இளைஞர்கள் ஜனாஸாக்களைத் தூக்கினார்கள், எல்லாச் சமுதாய மக்களுக்கும் சமைத்துப் போட்டார்கள். யார் கேட்டார்கள், ஏன் கேட்டார்கள் என்று விசாரிக்காமலேயே கடைவீதி கொடுத்தது. அந்த நம்பிக்கை ஒரு நாளில் வந்ததல்ல. நேர்மையாகக் கேட்டுச் சரியாகச் சேர்த்தவர்கள் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த சொத்து அது.

நாளை இன்னொரு கலவரத்தில் கடைகள் எரிக்கப்படலாம். ஒரு விதவை தன் மகனின் வழக்குக்கு வக்கீல் வைக்க முடியாமல் தவிக்கலாம். ஒரு மாணவி கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாமல் படிப்பை நிறுத்தலாம். அப்போது நீங்கள் ரசீதுப் புத்தகத்தோடு கடைவீதிக்குப் போவீர்கள். போன வருடம் ஒருவர் வந்தார், கணக்கே வரவில்லை என்று கல்லாவிலிருந்து பதில் வந்தால்? ஏமாற்றியவன் நன்றாகத்தான் இருப்பான். அவன் செய்த மோசடிக்குத் தண்டனை அனுபவிப்பது அந்த விதவையும் அந்த மாணவியும்தான். பத்து ரூபாய் எடுத்தவன் பத்து ரூபாயை மட்டும் எடுக்கவில்லை. அடுத்து வரும் ஏழையின் வாசலை அடைத்துவிட்டுப் போகிறான்.

எனவே இந்த ரமலானில் ரசீதுப் புத்தகத்தைக் கையில் எடுக்குமுன் ஒவ்வொருவரும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கப் போகும் காரணம் உண்மையானதா? அதற்குச் சாட்சி சொல்ல விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா? எப்போது நிறுத்துவேன்? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் தலை நிமிர்ந்து கடை ஏறுங்கள். பிறருக்காகக் கேட்பதில் இழிவு எதுவும் இல்லை. பதில் இல்லை என்றால் புத்தகத்தை அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த அன்ஸாரித் தோழர் பொறுப்பைத் திருப்பிக் கொடுத்ததை நபியவர்கள் குறை சொல்லவில்லை.

ஹலாலானதைக் கேட்டு, ஹலாலானதைக் கொடுத்து, உரியவரிடம் சேர்க்கும் கூட்டத்தில் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி வைப்பானாக! நமது கைகளில் வரும் அமானிதங்களை மறுமையில் கழுத்தில் சுமக்கும் நிலையிலிருந்து நம்மைக் காப்பானாக!

அஸ்ஸலாமு அலைக்கும் (வரஹ்).